மிஷின் தின்ற ஓலை

தென்னை மட்டை அரைக்கும் மிஷினை வாங்கியது என் மச்சானின் நிலத்துப் பணத்தில். கம்மாபுரம் பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்கு இருந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வந்த தொகையை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டார்கள். மச்சான் என் மனைவிக்கு அடுத்துப் பிறந்தவன், கடைசிப் பிள்ளை. அவன் பங்கு பேங்கில் கிடந்தது, அவன் டீக்கடையில் கிடந்தான். டிராக்டர் ஓட்டிய கை. உழ நிலமில்லாத ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு என்ன வேலை? இப்படியே உட்கார்ந்திருந்தால் குடிக்கக் கற்றுக்கொள்வான், உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவி சொன்னாள். அப்படித்தான் அவன் கடலூருக்கு வந்தான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெங்களூரில் நர்சரி, ஓசூரில் ரோஜாப் பண்ணை, கேரளத்தில் ரப்பர் தோட்டம் என்று போய்க்கொண்டே இருந்தேன். வேலை பிடிக்காமல் இல்லை. அதே தெரு, அதே முகங்கள் என்று ஆனதும் கால் பரபரக்கும், கிளம்பிவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன், தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை, வெளியூரில் கூலிக்குப் போனவர்கள் எல்லோரும் செய்ததுதான். கல்யாணம் என்னைக் கடலூரில் நிறுத்தியது. பெங்களூரில் புல் வெட்டவும் செடி கத்தரிக்கவும் கற்றிருந்தேன். மஞ்சக்குப்பம் பக்கத்து வீடுகளில் அதையே செய்தேன். பழைய டூ வீலர், பின்னால் கட்டிய கத்தரி, கடப்பாரை, ஒரு புல் வெட்டும் மிஷின். அவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

எங்களுக்கு வாய்த்த பெரிய இடம் ஒரு மாதா கோயில் வளாகம். கோயில், பள்ளிக்கூடம், சாமியார் பங்களா, கன்னியர் மடம், பின்பக்கம் கல்லறை. சுற்றிலும் தென்னை. மாதச் சம்பளம் ஒழுங்காக வரும். மற்ற வீடுகளெல்லாம் சில்லறை, அந்த வளாகம்தான் அரிசி.

தோட்ட வேலையில் வெட்டுவது சுலபம். வெட்டியதை எங்கே போடுவது என்பதுதான் தலைவலி. குப்பை வண்டிக்காரர்கள் மட்டையை ஏற்ற மாட்டார்கள். கொளுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். வெட்டினதை நீயே எடுத்துக்கொண்டு போ என்று வீட்டுக்காரர் சொல்வார். எங்கே எடுத்துக்கொண்டு போவது? வளாகத்தில் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. பின்தெருவிலிருந்து மூன்று பெண்கள் கொடுவாளோடு வருவார்கள். விழுந்த மட்டை எல்லாம் அவர்களுக்கு. நல்ல ஓலையை ஊறப்போட்டுக் கீற்று முடைவார்கள், ஈர்க்கை உருவித் துடைப்பம் கட்டுவார்கள், அடிமட்டையை அடுப்புக்கு வைத்துக்கொள்வார்கள். போகும்போது வளாகத்தைப் பெருக்கிவிட்டுப் போவார்கள். களை பிடுங்குவார்கள், ஆடு நுழைந்தால் விரட்டுவார்கள், நாங்கள் வராத நாளில் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அவர்கள் கோயில், அதனால் செய்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இதற்கு இது என்று யாரும் பேசி வைக்கவில்லை. பேசி வைக்காத எதுவும் எங்கள் கணக்கில் வரவில்லை.

மிஷினைச் சிதம்பரத்தில் ஒரு விவசாயக் கண்காட்சியில் பார்த்தோம். ஒரு பக்கம் முழு மட்டையைச் செருகினால் மறுபக்கம் தூளாகப் பீய்ச்சி அடித்தது. விற்கிறவன் அந்தத் தூளை அள்ளி மச்சான் கையில் கொட்டினான். செடியடியில் மண் காயாமல் மூடாக்குப் போடலாம், உரமாக்கலாம், நர்சரிக்காரர்கள் தேடி வந்து வாங்குவார்கள் என்றான். மச்சான் அவ்விடத்தை விட்டு நகரவில்லை. நான் டீ குடித்துவிட்டு வந்தும் அங்கேயே நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"குப்பைய காசாக்கற மிஷின் மாமா இது," என்றான். "கடலூர்ல இருக்கற வூட்டுக்காரன் எல்லாம் நம்மளத்தான் கூப்புடுவான். சிதம்பரத்துலயும் புடிச்சிடலாம்."

என் மனைவிக்கு இஷ்டமில்லை. நிலம்தான் போயிற்று, நிலத்தின் விலையாவது அவன் பெயரில் இருக்கட்டும் என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் பேங்கில் கிடக்கும் பணத்தை ஓட்ட முடியாது, இதை ஓட்டலாம் என்றான் மச்சான். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

பொங்கல் முடிந்து மிஷின் வந்தது. சிதம்பரத்தில் எடுத்த கையோடு குட்டி யானை வண்டியில் ஏற்றி, நடராஜர் கோயில் கீழச் சன்னதி பக்கம் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் கடலூருக்குக் கொண்டுவந்தான். மறுநாள் அதே சந்தனப் பொட்டோடு மிஷின் மாதா கோயில் வளாகத்துக்குள் நுழைந்தது. அந்த மூன்று பெண்களில் மூத்தவர் ஒருவர், எப்போதும் தொண்டை கட்டியதுபோலப் பேசுவார், நாங்கள் அக்கா என்போம். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னா தம்பி, ஒங்க சாமிய எங்க கோயிலுக்கே கூட்டியாந்துட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த வளாகத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதோடு சரி.

மச்சான் காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்தான். முந்தின வாரம் வெட்டிப் போட்ட மட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அக்கா ஒரு மட்டையின் நுனியைப் பிடித்தார். மச்சான் அடியைப் பிடித்து இழுத்தான். ஒரு கணம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் விட்டுவிட்டார். இனிமேல் மட்டை மிஷினுக்குத்தான் வேண்டும் என்று மச்சான் சொன்னான். மிஷின் ஓடும்போது கிட்டே வரக் கூடாது, பட்டென்று இழுத்துக்கொள்ளும், அப்புறம் நாங்கள் பதில் சொல்ல முடியாது என்றும் சொன்னான். அவன் சொன்ன விதத்தில் திமிர் இல்லை. விற்றவன் அவனுக்குச் சொன்னதை அப்படியே சொன்னான். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு நர்சரிக்குத் தூள் தருவதாகப் பேசியிருந்தோம். வளாகத்து மட்டையைக் கொடுத்துவிட்டால் மிஷினுக்குத் தீனிக்கு எங்கே போவது?

அந்தப் பெண்கள் வருவது நின்றது. தண்ணீர் பிடிக்க மட்டும் வளாகத்துக் குழாய்க்கு வருவார்கள். குடத்தை வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் நிற்பார்கள். மூன்று நாலு வாரத்தில் வளாகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கல்லறைப் பக்கம் களை முழங்கால் உயரத்துக்கு ஏறியது. ஆடு புகுந்து மடத்துக் கன்னியர்கள் ஆசையாக வைத்திருந்த செம்பருத்தியை மொட்டையாக்கியது. சருகு பறந்து பள்ளிக்கூடத்து வராந்தாவெல்லாம் கிடந்தது. முன்பெல்லாம் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று சாமியார் ஒரு நாள் சொன்னார். அப்போதுதான் எனக்கு, யாருடைய வேலைக்கு நாங்கள் பெயர் வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது புரிந்தது. பெருக்க ஓர் ஆளைக் கூலிக்கு வைத்தோம். மிஷினில் வந்த காசு அந்த ஆளுக்குப் போயிற்று. மச்சான் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. இன்னும் இரண்டு இடம் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்பான். மிஷினைத் தினமும் துடைப்பான். மழை இல்லாத மாதத்தில்கூடத் தார்ப்பாய் போட்டு மூடுவான்.

இரண்டு இடம் பிடிக்கத்தான் நான் அந்தத் திங்கட்கிழமை சிதம்பரம் போனேன். ஒரு லாட்ஜில் தோட்டம் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தால் தோட்டம் என்பது சிமெண்டுத் தொட்டிகளில் அரளியும் நந்தியாவட்டையும். கோயிலைச் சுற்றியிருந்த வீடுகளிலும் விசாரித்தேன். அங்கே எல்லோருக்கும் பூஜைக்குப் பூ வேண்டும். தென்னை இருந்தால் ஒன்று, அதுவும் மட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். மிஷின் தின்கிற மாதிரி எதுவும் அந்த ஊரில் என் கண்ணில் படவில்லை. திரும்பி பஸ் ஏறியபோது மச்சான் போன் செய்தான். குரலில் சந்தோஷம்.

வளாகம் முழுவதும் சுத்தம் செய்துவிட்டதாகச் சொன்னான். கெபி ஓரத்தில், அதாவது மாதா சிலை வைத்த கல் குகைக்குப் பக்கத்தில், சாக்குகளில் கட்டிவைத்த பழைய காய்ந்த ஓலை கிடந்ததாம். அதையும் கொட்டி அரைத்துவிட்டானாம். காய்ந்த ஓலை என்பதால் மாவு மாதிரி வந்ததாம். அதைக் குரோட்டன்ஸ் பாத்திகளுக்கு மூடாக்காகப் போட்டுவிட்டதாகச் சொன்னான். நல்லது மச்சான் என்றேன். எனக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். ஈஸ்டருக்கு முந்தின வாரம் குருத்தோலை ஞாயிறு. அன்று சாமியார் மந்திரித்துத் தரும் தென்னங்குருத்தை மக்கள் சிலுவையாக மடித்து வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். வருடம் முழுவதும் அது அங்கே இருக்கும். அடுத்த வருடம் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு அதைக் கோயிலில் திருப்பிச் சேர்ப்பார்கள். அதை எரித்த சாம்பலைத்தான் புதன்கிழமை எல்லோர் நெற்றியிலும் பூசுவார்கள். அந்தக் குருத்தை மரத்திலிருந்து வெட்டிக் கொடுத்தது நாங்கள்தான். போகும்போது பார்த்திருக்கிறோம், அது திரும்பி வருவதைப் பார்த்ததில்லை. போன வருடம், திரும்பி வந்த ஓலைச் சாக்குகளைக் கெபி ஓரத்திலிருந்து அன்று மாலையே தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் காரியங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற உபதேசியாரிடம் ஒப்படைத்தவர்கள் அந்த மூன்று பெண்கள். பெருக்க வருகிறவர்கள் அதையும் செய்தார்கள். இந்த வருடம் பெருக்க வரவில்லை. வழக்கம்போல எடுத்து வைத்திருப்பார்கள் என்று உபதேசியார் இருந்துவிட்டார். சாக்கு திங்கட்கிழமை வரை வெளியிலேயே கிடந்தது.

நான் வளாகத்துக்குள் போனபோது உபதேசியார், வயதான மனிதர், குரோட்டன்ஸ் பாத்தியில் மண்டியிட்டு உட்கார்ந்து தூளைக் கையால் வாரிக்கொண்டிருந்தார். மச்சான் பக்கத்தில் ஒரு துடைப்பத்தோடு நின்றான். அந்தப் பெண்கள் கட்டிய துடைப்பம். அரைபடாமல் தெறித்து விழுந்த ஓர் ஓலைச் சிலுவை அவன் கையில் இருந்தது. ஒரு கை உடைந்திருந்தது.

"இது அதுல இருந்துச்சு மாமா," என்றான். "நான் பந்தல்ல கட்டன தோரணம்னு நெனச்சேன். சாக்கோட கவுத்தேன், பாக்கல."

பிறகு உபதேசியாரிடம் திரும்பினான். "எரிக்கத்தானங்க போறீங்க. தூள எரிச்சாலும் அதே சாம்பல்தான?"

அவர் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு கைப்பிடித் தூளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். டீசல் வாடை அடித்தது. அதோடு வளாகத்து மட்டைத் தூளும் ஆட்டுப் புழுக்கையும் கலந்திருந்தது.

"இத யார் நெத்தியில வைக்கச் சொல்ற?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்று பேரும் சேர்ந்து வாரினோம். காலில் மிதிபடக் கூடாது என்று உபதேசியார் சொன்னதால் செருப்பைக் கழற்றிவிட்டு வாரினோம். வாரியதைக் கல்லறை ஓரம் குழி வெட்டிப் புதைத்தோம். குழி வெட்டியது மச்சான். நிமிரவே இல்லை. அந்த நேரம் முழுவதும் அந்தப் பெண்கள் குழாயடியில் நின்றிருந்தார்கள். குடங்கள் நிறைந்து வழிந்தன. காலையில் மச்சான் சாக்கைக் கவிழ்த்தபோதும் அவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள் என்று உபதேசியார் சொன்னார்.

நான் அக்காவிடம் போனேன். எனக்குக் கோபம். எல்லாம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களே என்ற கோபம்.

"பாத்துக்கிட்டுதான இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"கிட்ட வராதன்னு சொன்னது யாரு தம்பி? வரல." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "மட்டைய எடுக்கறப்ப எங்கள கேட்டீங்களா? இதுக்கு மட்டும் நாங்க ஓடியாந்து சொல்லணுமா? எங்க வூட்டு ஓலையும் அதுலதான் இருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு சாவறதுக்கு மின்ன அவரு கையால மடிச்சது."

அவர் போய்விட்டார். பின்னால் போன இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமைக்குச் சாம்பல் பக்கத்துப் பங்குக் கோயிலிலிருந்து வந்தது. சாமியார் எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தெரியாமல் நடந்தது, யாருக்கும் உங்கள் மேல் கோபமில்லை என்றார். டீ கொடுத்தார். டீ தீரும்போது, கோயில் கமிட்டியில் பேசியிருக்கிறோம், இந்த மாதத்தோடு வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்றார். கோபமில்லாதவர்கள் வேலையை விட்டு நிறுத்தும்போது கெஞ்சக்கூட வழியில்லை. மச்சான், மிஷினை வளாகத்துக்குள் கொண்டுவரவே மாட்டோம், கையாலேயே செய்கிறோம் என்றான். சாமியார் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் பெங்களூரிலும் ஓசூரிலும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அடுத்த மாதம் அந்தப் பக்கமாகப் போனேன். வேறு ஒருவர் குரோட்டன்ஸ் கத்தரித்துக்கொண்டிருந்தார், மிஷின் இல்லை, ஒரு சைக்கிள் மட்டும். அந்தப் பெண்கள் மட்டையை இழுத்துக்கொண்டு போனார்கள். வளாகம் பளிச்சென்று இருந்தது.

வளாகம் போனதும் அதைப் பார்த்து எங்களை வைத்திருந்த வீடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, ஊரில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. நர்சரிக்குத் தூள் கொடுக்க முடியவில்லை. கீரப்பாளையம் பக்கம் வரை போய் வாடகைக்கு ஓட்டிப் பார்த்தோம். அங்கே வயல்காடு, வரப்போரத்தில் நாலு தென்னை இருக்கும். மட்டையை வைத்துக் காவல் கொட்டகை போடுகிறவர்கள் அவர்கள். அதைத் தூளாக்கக் காசு வேறு கொடுப்பார்களா? ஒருவர் நேராகவே சொன்னார், "எங்க மட்டைய நாசம் பண்ண நாங்களே கூலி குடுக்கணுமா?"

என் மனைவி தம்பியைத் திட்டவில்லை. என்னைத்தான் ஒருநாள் சாப்பாடு போடும்போது பார்த்தாள். மட்டையை அவன் இழுத்தபோது நான் அங்கே நின்றிருந்தேன் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

மிஷினைப் புவனகிரி பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் வாங்கினார். வாங்கிய விலைக்கு அது அருகில்கூட வரவில்லை. அவர் மிஷினைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும், தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். மச்சான் கையைத் தூக்கினான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூக்குவதுபோல. வந்த பணத்தை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு மிஷினோடு வண்டியில் ஏறிப் போய்விட்டான். வண்டியின் பின்னால் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு போனான்.

நான் பழையபடி கிளம்பிவிட்டேன். இப்போது சேலம் பக்கம் ஒரு நர்சரியில் இருக்கிறேன். பணம் அனுப்புகிறேன். போன மழைக்கு முன்னால் ஊருக்கு வந்தபோது, சிதம்பரத்தில் இறங்கி புவனகிரிக்கு வேறு பஸ் பிடித்தேன். தோப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, இன்ஜின் சத்தமே வழி காட்டியது. மச்சான் இளைத்திருந்தான். காதில் மூடி. மட்டையைச் செருகிக்கொண்டே நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான். உள்ளங்கையை நீட்டி, அங்கேயே நில் என்று சைகை செய்தான். நின்றேன். குவியல் தீரும் வரை அவன் நிறுத்தவில்லை. மிஷினில் சந்தனப் பொட்டு வைத்த இடத்தில் பெயிண்ட் உரிந்து துரு ஏறியிருந்தது.

தோப்புக்காரர் வீட்டுக்குள்ளிருந்து வந்து யார் இது என்று கேட்டார். மச்சான் மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"கடலூர்க்காரருங்க," என்றான். "முன்ன ஒரு எடத்துல ஒண்ணா வேல பாத்தோம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மச்சான் தன் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்றேன். சாப்பிட்டீங்களா என்றான். ஆயிற்று என்றேன். மாமா என்ற வார்த்தை எங்காவது வருமா என்று காத்திருந்தேன். அடுத்த குவியலை ஓர் ஆள் இழுத்துவந்து போட்டான். மச்சான் காதை மூடிக்கொண்டான். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.